இங்கிலாந்துக் கிராமங்களின் பழைய கதை: எங்கிருந்து பார்க்க ஆரம்பிப்பது?

ஒயிட்ஃபீல்டுவாசி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். ஏப்ரல் முதல் என்னை இங்கிலாந்தில் ரெடிங் ஆபீசில் உட்கார வைக்கப் போகிறார்கள், செப்டம்பர் வரைக்கும் நிச்சயம், அதற்கு மேல் நீளவும் செய்யலாம். வாரம் முழுக்க வேலை, ஆனால் சனி ஞாயிறு என் கையில். கிராமம் பார்க்க வேண்டும் என்று போய் வந்த நண்பர்களிடம் வாய் திறந்தால் போதும், பைபரி, காஸில் கூம், போர்ட்டன் ஆன் த வாட்டர் என்று அதே ஊர்களைத்தான் ஒப்பிக்கிறார்கள். ஓடைக்கரையில் நின்று ஒரு போட்டோ, ஸ்கோனும் டீயும், பஸ் ஏறி வீடு. ஒரு தடவைக்கு அதுவும் சரிதான், அதற்கு மேல் அதில் எனக்கு என்ன இருக்கிறது?

நான் குடியிருப்பது பெங்களூர் ஒயிட்ஃபீல்டு இன்னர் சர்க்கிளுக்குப் பக்கத்தில். 1882-இல் மைசூர் மகாராஜா பத்தாம் சாமராஜ உடையார் ஆங்கிலோ இந்தியர்களுக்குக் கொடுத்த நிலம். நடுவில் வட்டத் திடல், சுற்றி ஓட்டு வீடுகள், கூப்பிடு தூரத்தில் ஒரு சர்ச். சீமைக் கிராமத்தை மனதில் வைத்துக்கொண்டு போட்ட ஊர் என்று அதைப் பார்த்தாலே தெரியும். இப்போது அந்த வட்டத்தைச் சுற்றித் தண்ணீர் லாரிதான் ஓடுகிறது, ஓட்டு வீடு அங்கொன்றும் இங்கொன்றும் மிச்சம். நகலே இவ்வளவு சுவாரசியமாக இருக்கும்போது அசலை ஒழுங்காகப் பார்த்துவிட வேண்டும் என்று ஒரு அரிப்பு.

ஆகவே கேள்வி: டூரிஸ்ட் யாரும் போகாத ஒரு சாதாரணக் கிராமத்துக்குள் நுழைந்தால் முதலில் எதைப் பார்ப்பது? அந்த ஊரின் வரலாறு எங்கே எழுதி வைக்கப்பட்டிருக்கிறது? நம் ஊர் ஆள் ஒருவன் போய்க் கேட்டால் யாராவது காட்டுவார்களா, இல்லை ஒரு மாதிரிப் பார்ப்பார்களா? கார் ஓட்ட மாட்டேன் என்பதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

சேகர்_மல்லேஸ்வரம் எழுதியது:

தம்பி, ரெடிங் கிடைத்தது உங்கள் அதிர்ஷ்டம். ஊருக்குள்ளேயே பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஆங்கிலேய கிராமிய வாழ்க்கை அருங்காட்சியகம் இருக்கிறது, 1951-இல் ஆரம்பித்தது, டிக்கெட் கிடையாது. அந்தப் பெரிய செம்மறிக்கிடா படம் 2018-இல் ட்விட்டரில் சுற்றியதே, அதைப் போட்டது இவர்கள்தான். கிடாவை விடுங்கள், உள்ளே நிற்கிற பழைய மரவண்டிகளைப் பாருங்கள். ஒவ்வொரு மாவட்டத்து வண்டிக்கும் உடம்பு வேறு, வளைவு வேறு, சாயம் வேறு. முதல் சனிக்கிழமை அங்கே போய்விட்டு அப்புறம் கிராமத்துக்குக் கிளம்புங்கள், கண் பழகியிருக்கும்.

கிராமத்துக்குள் போனதும் நேராகச் சர்ச். பக்திக்காகச் சொல்லவில்லை, ஊரில் இருப்பதிலேயே பழைய கட்டடம் அநேகமாக அதுதான். பகலில் பெரும்பாலும் பூட்ட மாட்டார்கள், கனமான கதவைத் தள்ளினால் உள்ளே ஆளே இருக்காது. அரை வட்டமாக வளைவு இருந்தால் அது நார்மன் காலம், அதாவது 11, 12-ஆம் நூற்றாண்டு, கூர்மையாக முடிந்தால் அதற்குப் பிந்தியது, ஒரே சுவரில் இரண்டும் இருந்தால் யாரோ பணம் வந்ததும் இடித்துக் கட்டியிருக்கிறார்கள். உள்ளே ஒரு பலகையில் அந்த ஊர்ப் பாதிரியார்கள் பெயர்கள் வரிசையாக இருக்கும், சில இடங்களில் 1200-களில் இருந்து. சுவர் வெள்ளையாக இருக்கிறதே என்று ஏமாற வேண்டாம். ஒரு காலத்தில் முழுக்கச் சித்திரம் இருந்த சுவர்கள் அவை, 16-ஆம் நூற்றாண்டு மதச் சீர்திருத்தத்தில் சுண்ணாம்பு அடித்து மூடினார்கள், இப்போது சில சர்ச்சுகளில் சுரண்டி மறுபடி வெளியே கொண்டு வந்திருக்கிறார்கள்.

ஆல்ட்வொர்த் போங்கள். கோரிங் வரை ரயில், தேம்ஸைத் தாண்டி ஸ்ட்ரீட்லி, அங்கிருந்து மேட்டில் ஏறி ஒரு மணி நேரத்துக்கு மேல் நடை. சின்னச் சர்ச்தான், உள்ளே டெ லா பெஷ் குடும்பத்தின் ஒன்பது கல் உருவங்கள், 14-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. ஒரு வீரர் ஏழடிக்கு மேல் நீளம், படுக்க இடம் போதாமல் காலை மடக்கினாற்போல் சாய்ந்து கிடக்கிறார். மூக்கு இல்லை, கை இல்லை, 17-ஆம் நூற்றாண்டு உள்நாட்டுப் போரில் உடைத்தது என்கிறார்கள். ஊர்க்காரர்கள் இவர்களுக்கு நெட்டை ஜான், பலசாலி ஜான், அஞ்சா ஜான் என்று பட்டப்பெயர் வைத்திருந்தார்கள். நாலாவது ஒருவர், அஞ்சும் ஜான், செத்த பிறகு சர்ச்சுக்கு உள்ளே புதைத்தாலும் வெளியே புதைத்தாலும் ஆத்மா சாத்தானுக்கு என்று ஒப்பந்தம் போட்டுவிட்டாராம், அதனால் சுவருக்குள் வைத்துக் கட்டினார்களாம். நம் ஊர்ப் பெரிசுகள் கூட இவ்வளவு சாமர்த்தியமாகக் கதை விட மாட்டார்கள்.

ஒரு மாதிரிப் பார்ப்பார்களா என்று கேட்டீர்கள். முதலில் பார்ப்பார்கள். சர்ச்சைப் பற்றி ஒரு கேள்வி கேட்டுவிட்டால் அப்புறம் அவர்களை நிறுத்துவதுதான் கஷ்டம்.

மீனா_அல்சூர் எழுதியது:

சேகர் சார் சொன்னது சரி, ஆனால் ரெடிங் என்றால் எனக்கு முதலில் ஞாபகம் வருவது ஸ்டோக் ரோதான். கோரிங்கிலிருந்தே அதற்கும் நடக்கலாம், ஆனால் திசை வேறு, ஆல்ட்வொர்த்தோடு ஒரே நாளில் சேர்க்க வேண்டாம்.

சில்டர்ன் குன்றுகளின் மேலே இருக்கிற ஊர். கீழே முழுக்கச் சுண்ணப்பாறை, மழை நிற்காமல் இறங்கிவிடும், மேலே குட்டைத் தண்ணீரை நம்பித்தான் வாழ்ந்தார்கள். பக்கத்து இப்ஸ்டனைச் சேர்ந்த எட்வர்ட் ரீட் என்பவர் இந்தியாவில் வடமேற்கு மாகாணங்களில் பெரிய அதிகாரியாக இருந்தவர். காசி மகாராஜா ஈஸ்வரி பிரசாத் நாராயண் சிங்கோடு பேசிக்கொண்டிருந்தபோது, எங்கள் ஊரில் வீட்டில் கடைசியாக இருந்த தண்ணீரைக் குடித்துவிட்டான் என்று ஒரு பையனை அவன் அம்மா அடித்த கதையைச் சொல்லியிருக்கிறார். மகாராஜா அதை மறக்கவில்லை. 1863-இல் ஸ்டோக் ரோவில் அவர் பணத்தில் கிணறு வெட்ட ஆரம்பித்து, 1864 மே 24 அன்று, விக்டோரியா ராணியின் பிறந்தநாளில் திறந்தார்கள்.

நாலடி அகலம், 368 அடி ஆழம், முழுக்க ஆள் இறங்கிக் கையால் தோண்டியது. தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தை அப்படியே உள்ளே இறக்கினாலும் மேலே நூற்றைம்பது அடி மிஞ்சும். கிணற்றுக்கு மேல் இரும்புத் தூண்கள், வெங்காய வடிவக் குவிமாடம், வாளி இழுக்கிற இயந்திரத்தின் தலையில் பொன் பூசின ஒரு யானை. வாளி ஒரு தடவை மேலே வர பத்து நிமிஷம் ஆகுமாம். எழுபது வருஷத்துக்கு மேல் அந்த ஊர் இதைத்தான் குடித்தது. பக்கத்தில் காவலாளிக்கு ஒரு குட்டி வீடு, செலவுக்கு வருமானம் வரட்டும் என்று ஒரு செர்ரித் தோப்பு. கிணற்றோடு சேர்த்து அதைப் பராமரிக்கவும் ஏற்பாடு பண்ணிவிட்டுப் போனவர் அவர், நம் ஊர் அறக்கட்டளைக் கல்வெட்டுகளில் விளக்குக்கு ஆடு விடுவார்களே, அந்தப் புத்தி.

இங்கிலாந்து இந்தியாவுக்கு நல்லது செய்தது என்று யாராவது அங்கே உங்களிடம் ஆரம்பித்தால் இந்தக் கிணற்றை எடுத்து விடுங்கள்.

நீரிணை_நாகராஜன் எழுதியது:

மீனா மேடம் காசிக்குப் போய்விட்டார், நான் மெட்ராஸுக்கு வருகிறேன்.

ரெடிங்குக்குத் தெற்கே பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டருக்குள் ஸ்வாலோஃபீல்டு. அங்கே இருக்கிற பெரிய மாளிகையை 1719-இல் வாங்கியவர் தாமஸ் பிட், 1698 முதல் 1709 வரை புனித ஜார்ஜ் கோட்டையின் கவர்னர். திருவொற்றியூர், நுங்கம்பாக்கம், வியாசர்பாடி எல்லாம் கம்பெனி கைக்கு வந்தது 1708-இல், இவர் காலத்தில். கோல்கொண்டா பக்கத்து கொல்லூர்ச் சுரங்கத்தில் எடுத்த வைரத்தை மெட்ராஸில் வாங்கி, பட்டை தீட்டி, 1717-இல் பிரான்சு அரசப் பிரதிநிதிக்கு விற்றார். அந்தக் கல் இன்றும் பாரிஸில் லூவர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. அந்த லாபம்தான் இங்கே நிலமாகவும் நாடாளுமன்ற இடங்களாகவும் மாறியது. 1726-இல் ஸ்வாலோஃபீல்டிலேயே செத்துப்போனார். வீட்டை இப்போது அடுக்ககமாகப் பிரித்துவிட்டார்கள், கேட்டுக்கு வெளியே நின்று பார்க்கலாம்.

இன்னும் தூரம் போக முடிந்தால் டெவன். எக்ஸிடருக்கு வெளியே டன்சிடியாக் என்று ஒரு குக்கிராமம், அதற்கு மேல் ஹால்டன் குன்றில் முக்கோணமாக ஒரு வெள்ளைக் கோபுரம். 1788-இல் கட்டியவர் ராபர்ட் பாக். ஆமாம், நம் பாக் நீரிணையின் அதே பாக். பாதிரியாராக மெட்ராஸுக்கு வந்து 1763-இல் கவர்னரானவர். பிரெஞ்சுக்காரர்களை எதிர்த்து மெட்ராஸைக் காத்த தன் நண்பர் ஸ்டிரிங்கர் லாரன்ஸின் நினைவாக இந்தக் கோபுரம், உள்ளே அவருக்கு ரோமானியத் தளபதி வேஷத்தில் ஆளுயரத்துக்கு மேல் ஒரு சிலை. ராமேஸ்வரம் மீனவர் கைது என்று செய்தி வரும்போதெல்லாம் இவர் பெயரைச் சொல்கிறோம், ஆள் யார் என்று நம்மில் எத்தனை பேர் கேட்டோம்?

கம்பெனித் தளபதி ஹெக்டர் மன்றோ நாகப்பட்டினக் கோட்டை வாசலை நினைவுபடுத்தி மலை உச்சியில் மூன்று வளைவு கட்டி வைத்ததும் உண்டு, ஆனால் அது ஸ்காட்லாந்து, கேள்விக்கு வெளியே.

பசவனகுடி_பத்மா எழுதியது:

நாகராஜன் சார், வைரமும் கோபுரமும் சரி, ஆனால் நம் தம்பி கேட்டது சாதாரணக் கிராமம். பெரிய வீட்டின் கதையைக் கேட்டுவிட்டு ஊர் வரலாறு தெரிந்துவிட்டது என்று திரும்பினால் ஜமீன் பங்களாவைப் பார்த்துவிட்டுக் கிராமம் பார்த்தேன் என்பது போல்தான்.

அழகான கிராமம் ஏன் அழகாக இருக்கிறது என்று முதலில் கேட்க வேண்டும். சஃபோக்கில் லாவனம் என்ற ஊர், கோணல் மாணலாக நிற்கும் மரச்சட்ட வீடுகளுக்குப் பேர் போனது. 1500-களின் தொடக்கத்தில் நீலக் கம்பளித் துணியில் கொழுத்த ஊர், அப்புறம் நெசவு வேறு பக்கம் போய்விட்டது, இடித்துப் புதிதாகக் கட்டக் காசில்லை. அதனால்தான் அந்த வீடுகள் தப்பின. இன்று காலண்டரில் வருகிற அழகு முக்கால்வாசி அன்றைய பஞ்சம்.

இன்னொரு வகை, பிரபு நகர்த்திய கிராமம். ரெடிங்கிலிருந்து ஆக்ஸ்போர்டு போகும் பஸ் பாதையிலேயே நியூனம் கோர்ட்னி வரும். சாலையின் இரு பக்கமும் அச்சில் வார்த்தது போல் ஒரே மாதிரிச் செங்கல் வீடுகள். 1760-களில் ஹார்கோர்ட் பிரபு தன் புது மாளிகையிலிருந்து தேம்ஸைப் பார்க்க பழைய ஊர் மறைக்கிறது என்று ஊரையே எடுத்து சாலையோரம் வைத்தார். 1777-இல் நாயைக் காப்பாற்றப் போய்க் கிணற்றில் விழுந்து செத்தார், அது வேறு கதை.

அப்புறம் வேலி. நீங்கள் ரயில் ஜன்னலில் பார்க்கப் போகும் அந்தச் சதுரம் சதுரமான பச்சை வயல்களும் குத்துச்செடி வேலிகளும் ஆதியிலிருந்து இருந்தவை என்று நினைத்துவிடாதீர்கள். பல ஊர்களில் முன்பு வேலியே இல்லாத பெரிய வயல்கள், ஆளுக்கு இங்கே ஒரு பட்டை அங்கே ஒரு பட்டை, மாடு மேய்க்கப் பொது நிலம். நாடாளுமன்றத்தில் ஊர் ஊராகச் சட்டம் போட்டு அதை அடைத்தார்கள், 1604-இலிருந்து 1914 வரை ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சட்டங்கள், அதிலும் 1750-க்குப் பிறகுதான் வேகம். பொது நிலம் போனது, கூலிக்காரன் மட்டும் மிச்சம். கதிரடிக்கும் இயந்திரம் வந்து குளிர்காலக் கூலியும் போனபோது, 1830-இல் தென் இங்கிலாந்து முழுக்க இயந்திரங்களை உடைத்தார்கள்.

கிண்ட்பெரி போங்கள். ரெடிங்கிலிருந்து நேர் ரயில், ஸ்டேஷனிலிருந்து சர்ச் பொடிநடை. அந்த ஊர்க் கலகத்துக்காக வில்லியம் வின்டர்போர்ன் என்ற தொழிலாளியை 1831 ஜனவரி 11 அன்று ரெடிங்கில் தூக்கிலிட்டார்கள். உடலை ஊருக்குக் கொண்டு வந்து புதைத்தார்கள், கல்லறைக் கல் இன்னும் சர்ச் வளாகத்தில் இருக்கிறது. பெரிய வீட்டுக்கு அறிவிப்புப் பலகை உண்டு, இதை நீங்கள்தான் புல்லை விலக்கித் தேட வேண்டும்.

கல்வெட்டுக்கிறுக்கன் எழுதியது:

பத்மா அக்கா சொன்ன பட்டை வயல் இன்னும் உயிரோடு இருக்கிற ஊர் ஒன்று உண்டு, நாட்டிங்கம்ஷயரில் லாக்ஸ்டன். மூன்று பெரிய வயல்கள், உழுகிறவர்களுக்குப் பட்டைகள், வருஷா வருஷம் நவம்பர் கடைசி வாக்கில் ஊர் நடுவர்கள் வயலுக்குப் போய் எல்லையைப் பார்த்து, யாராவது பாதையைச் சேர்த்து உழுதிருந்தால் அபராதம் போடுகிறார்கள். தஞ்சாவூர்ப் பக்கம் கரையீடு என்று மிராசுதாரர்கள் நிலத்தைச் சுழற்றிப் பங்கு போட்ட வழக்கத்தைப் படித்தவர்களுக்கு இது உடனே பிடிபடும்.

எழுதி வைத்தது எங்கே என்று கேட்டீர்கள், அதற்கு யாரும் இன்னும் பதில் சொல்லவில்லை. அங்கே கல் குறைவு, காகிதம் அதிகம். 1086-இல் டூம்ஸ்டே பதிவேடு, 13,000-க்கும் அதிகமான ஊர்கள், எத்தனை ஏர், எத்தனை குடி, எத்தனை ஆலை என்று. உங்கள் கிராமத்தின் பெயரைத் தட்டினால் இணையத்தில் இலவசமாக வரும். 1538-இல் எட்டாம் ஹென்றியின் அமைச்சர் தாமஸ் கிராம்வெல் உத்தரவு, ஒவ்வொரு சர்ச்சும் ஞானஸ்நானம், கல்யாணம், அடக்கம் மூன்றையும் எழுத வேண்டும் என்று. ஒரு கூலிக்காரனின் பெயர் நானூறு வருஷம் பின்னோக்கிக் கிடைப்பது இதனால்தான், நம்மில் எத்தனை பேருக்குத் தாத்தாவின் தாத்தா பெயர் தெரியும் என்று யோசித்துப் பாருங்கள்.

எனக்குப் பிடித்தது தசம பாக வரைபடம். விளைச்சலில் பத்தில் ஒரு பங்கு சர்ச்சுக்குப் போய்க்கொண்டிருந்ததை 1836 சட்டம் பணமாக மாற்றியது. பணமாக மாற்ற வேண்டுமென்றால் எந்த வயல் யாருடையது என்று தெரிய வேண்டும், ஆகவே ஊர் ஊராக அளந்தார்கள். ஒவ்வொரு வயலுக்கும் எண், பெயர், சொந்தக்காரர், உழுகிறவர், பரப்பு, புஞ்சையா புல்வெளியா என்பது வரை. ரெடிங்கிலேயே பெர்க்ஷயர் ஆவணக் காப்பகம் இருக்கிறது, பொது நிலத்தை வேலி அடைத்தபோது போட்ட வரைபடங்களையும் அவர்கள் ஸ்கேன் செய்து இணையத்தில் போட்டிருக்கிறார்கள். பழைய சர்வே வரைபடங்களுக்கு ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தின் தளம், இங்கிலாந்துக்கும் சேர்த்து அவர்கள்தான் இலவசமாகத் தருகிறார்கள். விக்டோரியா மாவட்ட வரலாறு என்று 1899-இல் ஆரம்பித்த ஒரு பெருந்தொகுப்பு உண்டு, பெர்க்ஷயர் தொகுதிகள் எப்போதோ முடிந்தன, ஆக்ஸ்போர்டுஷயர் இன்னும் எழுதிக்கொண்டே இருக்கிறார்கள்!

ஒரு வேண்டுகோள், கிளம்பும் முன் உங்கள் வீட்டைச் சுற்றியும் ஒரு நடை நடந்துவிடுங்கள். கடுகோடிப் பக்கம் 11-ஆம் நூற்றாண்டுச் சோழர் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, ஒயிட்ஃபீல்டுக்கு எண்ணூறு வருஷம் மூத்தது. தொம்மலூர் சொக்கநாதர் கோயில் சுவரிலும் தமிழ் இருக்கிறது. இதையெல்லாம் 1905-இல் பெங்களூர் மாவட்டத் தொகுதியாக அச்சில் கொண்டு வந்த பெஞ்சமின் லூயிஸ் ரைஸ் பிறந்ததே பெங்களூரில்தான், 1837-இல்.

ஒயிட்ஃபீல்டுவாசி எழுதியது:

இவ்வளவு வரும் என்று எதிர்பார்க்கவில்லை, எல்லோருக்கும் நன்றி. கடுகோடிக் கல்வெட்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது, தினமும் அந்த வழியாகத்தான் மெட்ரோ பிடிக்கிறேன்.

இப்படி நினைக்கிறேன்: ஊர் ஊராக ஓடாமல் ஒரே ஒரு கிராமத்தைப் பிடித்துக்கொண்டு, வரைபடத்தில் ஒரு வயலைப் பார்த்து, அடுத்த வாரம் அதே வயலில் போய் நிற்பது. ஆல்ட்வொர்த் அதற்குச் சரியாக வரும் போல் தெரிகிறது. கிண்ட்பெரிக்கும் ஸ்டோக் ரோவுக்கும் தனித்தனியாக ஒரு நாள். பாக் கோபுரம் யாராவது காரில் கூட்டிப் போனால். ஒரே சந்தேகம், அடுத்தவன் வயலுக்குள் எப்படிப் போவது? நம் ஊரில் நாய் விடுவார்கள்.

சேகர்_மல்லேஸ்வரம் எழுதியது:

போகலாம் தம்பி, அதுதான் அந்த நாட்டில் இருக்கிற பெரிய சௌகரியம். பொது நடைபாதை என்று வரைபடத்தில் போட்டிருந்தால் அது கோதுமை வயலின் நடுவே போனாலும் நடக்க உரிமை உண்டு, 1949 சட்டப்படி மாவட்ட நிர்வாகம் அந்தப் பாதைகளை வரைபடத்தில் பதிந்து வைத்திருக்க வேண்டும். வேலி வரும் இடத்தில் ஏறித் தாண்ட மரப்படி இருக்கும், கேட் இருந்தால் எப்படி இருந்ததோ அப்படியே விட்டுவிட்டுப் போக வேண்டும், பாதையை விட்டு விலகக் கூடாது, அவ்வளவுதான்.

மாலை வெயில் சாய்வாக விழும்போது புல்வெளியைப் பாருங்கள், அலை அலையாக மேடு பள்ளம் தெரிந்தால் அது பழைய பட்டை வயலில் மாடு பூட்டி உழுத தடம், அறுநூறு எழுநூறு வருஷம் கூட ஆகியிருக்கலாம். ஆல்ட்வொர்த் பக்கம் குறைவு, இன்னும் வடக்கே மிட்லாண்ட்ஸ் பக்கம் ரயிலில் போனால் ஜன்னலிலேயே தெரியும்.

ஞாயிற்றுக்கிழமை கிராமத்து பஸ்ஸை நம்பாதீர்கள், பல ஊர்களுக்குக் கிடையவே கிடையாது. சனிக்கிழமை வைத்துக்கொள்ளுங்கள், கணுக்கால் வரை வரும் ஷூ இங்கேயே வாங்கிப் பழக்கிவிட்டு எடுத்துப் போங்கள், ஏப்ரலில் அங்கே சேறுதான்.